கொழும்பிலிருந்து எத்தனை மணித்தியாலம்? வாசகர் கேள்வி பதில்

வான்பயணத் தூரம், நேரம் பற்றி வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களுக்கு ஒரே பதில்.

லண்டனில் இருக்கும் மகளிடம் போக டிக்கெட் எடுத்திருக்கிறேன். போகும் விமானம் பகல் 1.00 மணிக்குக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் வெளிக்கிட்டு இரவு 7.40க்கு இறங்குகிறது. வரும் விமானம் இரவு 8.40க்கு வெளிக்கிட்டு மறுநாள் காலை 11.40க்கு வந்து சேர்கிறது. போக ஏழு மணித்தியாலம்கூட இல்லை, வர பதினைந்து மணித்தியாலமா? எதையாவது பிழையாக அடித்துவிட்டார்களா?
— வாசகி, வெள்ளவத்தை

டிக்கெட் சரிதான். அதில் உள்ள ஒவ்வொரு மணியும் அந்தந்த ஊர் மணி. புறப்படும் நேரம் கொழும்பு மணி, இறங்கும் நேரம் லண்டன் மணி. இரண்டையும் நேரடியாகக் கழித்தால் வருவது பயண நேரம் அல்ல.

ஒரு துண்டுக் கடதாசி எடுங்கள். எல்லா நேரத்தையும் கொழும்பு மணிக்கு மாற்றி எழுதுங்கள். இங்கிலாந்தில் கோடைகால மணி நடக்கும்போது நாங்கள் லண்டனைவிட 4 மணி 30 நிமிடம் முன்னால் நிற்கிறோம். லண்டன் இரவு 7.40 என்றால் கொழும்பில் நள்ளிரவு தாண்டி 12.10. பகல் 1.00 தொடக்கம் 12.10 வரை எண்ணினால் 11 மணி 10 நிமிடம். திரும்பும்போது லண்டன் இரவு 8.40 என்பது கொழும்பில் அதிகாலை 1.10. அங்கிருந்து காலை 11.40 வரை 10 மணி 30 நிமிடம். இதுதான் உண்மையான பயண நேரம்.

மார்ச் கடைசி ஞாயிறு தொடக்கம் ஒக்டோபர் கடைசி ஞாயிறு வரை வித்தியாசம் நாலரை மணித்தியாலம். மற்ற மாதங்களில் ஐந்தரை. டிக்கெட்டை மாசியில் எடுத்துச் சித்திரையில் பறப்பவர்கள் இதில்தான் தடுமாறுவார்கள். இன்றைய வித்தியாசத்தைப் போடாமல் பறக்கும் நாளின் வித்தியாசத்தைப் போட வேண்டும். நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக "+1" என்று இருந்தால் மறுநாள் இறங்குகிறது என்று அர்த்தம். மகள் உங்களை ஏற்ற வருவதற்கு நாள் சொல்லும்போது அந்த "+1" ஐ மறக்காதீர்கள்.

இனி மிச்சமுள்ள 40 நிமிட வித்தியாசம். அது காற்றின் வேலை. பெரிய ஜெட் விமானங்கள் பறக்கும் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் உயரத்தில், நடு அகலக்கோடுகளில் (மத்திய கோட்டுக்கும் துருவத்துக்கும் இடைப்பட்ட பகுதிகளில்), காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது. லண்டன் போகும்போது அது முகத்தில் அடிக்கும், வரும்போது முதுகில் தள்ளும். கணக்குக்கு 8,700 கிலோமீற்றர், விமானத்தின் வேகம் மணிக்கு 900 கிலோமீற்றர் என்று வைப்போம். காற்றே இல்லாவிட்டால் 9 மணி 40 நிமிடம். சராசரியாக 60 கிலோமீற்றர் எதிர்க்காற்று என்றால் 10 மணி 21. அதே 60 பின்காற்றானால் 9 மணி 4. ஆக ஒன்றேகால் மணித்தியாலம் காற்றிலேயே கூடிக் குறையும். இதோடு ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது, சுற்றுப்பாதை எல்லாம் சேர வேண்டும்.

இன்னொன்று. விமான நிறுவனம் சொல்லும் பயண நேரம் வானத்தில் இருக்கும் நேரம் மட்டும் அல்ல. விமானம் நிற்குமிடத்திலிருந்து பின்னால் தள்ளப்படும் நிமிடத்தில் கணக்கு தொடங்கி, போய்ச் சேர்ந்த இடத்தில் சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் நிமிடத்தில் முடிகிறது. வழக்கமான தாமதத்துக்கும் கொஞ்சம் நேரம் உள்ளேயே ஒதுக்கியிருப்பார்கள். அதனால்தான் அரை மணித்தியாலம் பிந்தி வெளிக்கிட்டும் "சரியான நேரத்துக்கு வந்துவிட்டோம்" என்று அறிவிக்கிறார்கள்.

லண்டனுக்கும் எங்களுக்கும் 5 மணித்தியாலம் வித்தியாசம் என்று அப்பா அடித்துச் சொல்கிறார். யார் சரி?
— வாசகர், பம்பலப்பிட்டி

அப்பா சொல்வது 2006 ஏப்ரல் 15க்கு முன்னைய கணக்கு. 1996இல் மின்சாரம் மிச்சம் பிடிக்க மணிக்கூட்டை முன்னே தள்ளினார்கள். முதலில் ஆறரை, அதே ஆண்டு ஒக்டோபரில் ஆறு மணித்தியாலம் என்று கிறீனிச்சுக்கு (லண்டனின் குளிர்கால மணிக்கு) முன்னால் நின்றோம். அக்காலத்தில் கோடையில் லண்டனுக்குச் சரியாக ஐந்துதான். 2006இல் பழையபடி ஐந்தரைக்குத் திரும்பினோம். அப்பாவின் ஞாபகம் பிழையில்லை, வருடம்தான் பழையது.

கொழும்பு–லண்டன் தூரம் ஓரிடத்தில் 8,715 என்றும், இன்னோரிடத்தில் 5,415 என்றும், வேறோரிடத்தில் 4,706 என்றும் இருக்கிறது. எதை நம்புவது?
— வாசகர், தெஹிவளை

மூன்றும் ஒரே தூரம். முதலாவது கிலோமீற்றர், இரண்டாவது சாதாரண மைல் (1.609 கிலோமீற்றர்), மூன்றாவது கடல் மைல் (1.852 கிலோமீற்றர்). விமானிகள் பேசுவது கடல் மைலில். அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் எடுத்தால் தூரம் பாதியாகிவிடும்.

அலகு ஒன்றாக இருந்தும் இருபது முப்பது கிலோமீற்றர் இடித்தால் வேறு காரணம் உண்டு. சிலர் கொழும்புக் கோட்டையிலிருந்து அளப்பார்கள், சிலர் கட்டுநாயக்கவிலிருந்து. நேர்கோட்டில் இவை இரண்டுக்கும் இடையே 28 கிலோமீற்றர் இருக்கிறது. பூமியைச் சரியான உருண்டையாக எடுப்பதா, துருவங்களில் சற்றுத் தட்டையாக எடுப்பதா என்பதிலும் சிறு மாற்றம் வரும். பயணத்துக்கு அது பொருட்டே இல்லை.

உயர்தரத்தில் கணிதம் படிக்கிறேன். இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரத்தை நானே கணிக்க வழி உண்டா?
— மாணவன், கொட்டாஞ்சேனை

உண்டு தம்பி. சைன், கோசைன் தெரிந்தால் ஐந்து நிமிட வேலை.

முதலில் இரண்டு இடங்களின் அகலக்கோடும் நெடுங்கோடும் வேண்டும். கட்டுநாயக்க: வடக்கு 7.18 பாகை, கிழக்கு 79.88 பாகை. லண்டன் ஹீத்ரோ: வடக்கு 51.47, மேற்கு 0.45. ஒன்று கிழக்கும் மற்றது மேற்கும் ஆகையால் நெடுங்கோடுகளைக் கூட்ட வேண்டும்: 80.33 பாகை.

இப்போது, இரண்டு அகலக்கோடுகளின் சைன்களைப் பெருக்குங்கள்: 0.1250 × 0.7823 = 0.0978. பிறகு இரண்டு அகலக்கோடுகளின் கோசைன்களையும் நெடுங்கோட்டு வித்தியாசத்தின் கோசைனையும் பெருக்குங்கள்: 0.9922 × 0.6229 × 0.1680 = 0.1038. இரண்டையும் கூட்டினால் 0.2016. எந்தக் கோணத்தின் கோசைன் 0.2016 என்று கல்குலேட்டரில் பின்னோக்கிப் பாருங்கள்: 78.37 பாகை. பூமியின் மையத்திலிருந்து பார்த்தால் இரண்டு ஊர்களுக்கும் இடையிலான கோணம் அது. ஒரு பாகைக்கு 111.2 கிலோமீற்றர். பெருக்கினால் 8,715.

பிழை வரும் இடங்கள் நாலு. ஒன்று, கல்குலேட்டர் பாகைக்குப் பதிலாக ஆரையனில் கிடப்பது. விடை அபத்தமாக வந்தால் முதலில் அதைப் பாருங்கள். இரண்டு, கலையை (பாகையில் அறுபதில் ஒரு பங்கை) தசமமாக மாற்ற மறப்பது. 7 பாகை 11 கலை என்பது 7.11 அல்ல, 11ஐ 60ஆல் பிரித்தால்தான் 7.18. மூன்று, கிழக்கு மேற்குக் குழப்பம். ரொறன்ரோவில் இது அழகாக மாட்டிக்கொள்ளும். அதன் நெடுங்கோடு மேற்கு 79.63, எங்களது கிழக்கு 79.88. கூட்டாமல் கழித்துவிட்டால் வித்தியாசம் கால் பாகை ஆகி, ரொறன்ரோ 4,060 கிலோமீற்றரில் வந்து நிற்கும்! கூட்டினால் 159.51 பாகை, தூரம் 14,000 கிலோமீற்றர்.

நாலாவது, கிட்டிய இடங்களுக்கு இந்தச் சூத்திரத்தை நாலு தசமதானத்தோடு போடுவது. இரத்மலானை விமான நிலையத்துக்கும் கட்டுநாயக்கவுக்கும் இடையே 40 கிலோமீற்றர். அவ்வளவு சிறிய கோணத்தின் கோசைன் ஒன்றோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். கடைசித் தானத்தில் சின்னப் பிசகு வந்தாலே விடை 50 கிலோமீற்றர் வரை தவறும். கல்குலேட்டர் காட்டும் இலக்கங்கள் எல்லாவற்றையும் இடையில் வெட்டாமல் கொண்டுபோங்கள்.

கணக்கு வேண்டாம் என்பவர்களுக்கு நூல் போதும். 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள பூகோள உருண்டையின் மத்திய கோடு 94 சென்ரிமீற்றர் வரும். அது 40,075 கிலோமீற்றருக்குச் சமன், ஆகவே ஒரு சென்ரிமீற்றர் 425 கிலோமீற்றர். தையல் நூலின் ஒரு முனையை இலங்கையில் விரலால் அமர்த்தி, மற்ற முனையை லண்டனில் வைத்து, தளர்வு போகும்வரை இழுங்கள். இருபதரை சென்ரிமீற்றர் வரும். ரொறன்ரோவுக்கு 33. வழுக்கும் உருண்டையில் நூல் பக்கவாட்டில் நகரும். எந்தப் பக்கம் நகர்த்தினாலும் கூடுதல் நூல் கேட்கிற இடம்தான் சரியான பாதை.

ரொறன்ரோவுக்கு ஏன் நேரடி விமானம் இல்லை? நேரே போனால் எவ்வளவு நேரம் மிச்சமாகும்? டுபாய், லண்டன் என்று சுற்றிப் போவதால் எவ்வளவு தூரம் வீணாகிறது?
— வாசகர்கள் பலர், வெள்ளவத்தை, கிருலப்பனை, வத்தளை

தூரத்திலிருந்து தொடங்குவோம், அங்கேதான் பலரின் எண்ணம் பிழைக்கிறது. நேர்ப்பாதை 14,000 கிலோமீற்றர். டுபாய் வழியாகப் போனால் 3,290, பிறகு 11,080, மொத்தம் 14,370. லண்டன் வழியாக 8,715, பிறகு 5,710. மொத்தம் 14,425 அளவில். அதாவது "சுற்றிப் போகிறோம்" என்று நாங்கள் குறைபட்டுக்கொள்ளும் பாதையில் கூடுவது 370, 425 கிலோமீற்றர்தான். பறக்கும் நேரத்தில் அது அரை மணித்தியாலம்கூட இல்லை.

தட்டையான தேசப்படத்தில் பார்த்தால் இதை நம்ப முடியாது. அதில் கொழும்பிலிருந்து மேற்கே அரபிக்கடல், ஆபிரிக்கா, அத்திலாந்திக் என்று கோடு போடத் தோன்றும். மேலே சொன்ன நூலை உருண்டையில் வைத்துப் பாருங்கள். அது வடக்கே ஏறுகிறது. மகாராஷ்டிரம், பாகிஸ்தான்–ஆப்கானிஸ்தான் எல்லை, கசக்ஸ்தான், ரஷ்யா, நோர்வேயின் வடபகுதி வழியே போய், 72 பாகை வடக்கைத் தொட்டு, கிறீன்லாந்தைக் கடந்து, கியூபெக்கின் மேலால் ரொறன்ரோவுக்கு இறங்குகிறது. ரொறன்ரோ போக முதலில் பார்க்க வேண்டிய திசை ஏறத்தாழ வடக்கு.

ஆனால் அந்த நூலின் வழியே இன்று எல்லாராலும் பறக்க முடியாது. 2022 தொடக்கம் ரஷ்ய வான்பரப்பு ஐரோப்பிய, கனேடிய நிறுவனங்களுக்கு மூடிக் கிடக்கிறது. உக்ரேனுக்கு மேலால் பயணிகள் விமானமே போவதில்லை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்பரப்பை இந்திய நிறுவனங்களுக்கு மூடியது. டெல்லி வழியாகக் கனடா போகும் விமானங்களின் நேரம் நீண்டதற்கு அதுவும் ஒரு காரணம். தூரம் மாறாது, பறக்கும் நேரம் அரசியலோடு மாறும்.

இனி ஏன் நேரடி விமானம் இல்லை என்பது. 14,000 கிலோமீற்றர் பறக்கும் விமானங்கள் உலகில் இல்லாமல் இல்லை. சிங்கப்பூர்–நியூயோர்க் 15,300 கிலோமீற்றருக்கு மேல், பதினெட்டு மணித்தியாலத்துக்கு மேல் நிற்காமல் பறக்கிறார்கள். ஆனால் ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் நெடுந்தூரத்துக்கு வைத்திருப்பவை எயார்பஸ் ஏ330 வகை. ஏ330-300 இன் எல்லை 11,750 கிலோமீற்றர் அளவு, ஏ330-200 இன் எல்லை 13,450 அளவு. அவையும் தயாரிப்பாளர் சொல்லும் எண்கள். எதிர்க்காற்று, சேமிப்பு எரிபொருள், சரக்கு எல்லாம் கழித்தால் இன்னும் குறையும். இதற்கு மேல் எரிபொருளின் தன்மை ஒன்று இருக்கிறது: கடைசி மணித்தியாலங்களுக்கு வேண்டிய எரிபொருளை முதல் மணித்தியாலம் தொடக்கம் சுமக்க வேண்டும், அந்தச் சுமைக்கே எரிபொருள் போகும். இடையில் ஒருமுறை இறங்கி நிரப்புவது நிறுவனத்துக்கு மலிவு. வாரத்தில் சில நாள் கொழும்பு–ரொறன்ரோ என்று மட்டும் ஆசனம் நிரப்புவதைவிட, டுபாயிலோ டோஹாவிலோ பத்து ஊர்ச் சனத்தை ஒரே விமானத்தில் ஏற்றுவதும் சுலபம்.

நேரக் கணக்கு இப்படி. கொழும்பு–டுபாய் நாலரை மணித்தியாலம் சொச்சம். டுபாய்–ரொறன்ரோ பதினான்கு மணித்தியாலத்தைச் சுற்றி. நடுவே மூன்று மணித்தியாலம் காத்திருந்தால் மொத்தம் இருபத்திரண்டு. நேரே பறக்க முடிந்தால் பதினாறரை, பதினேழில் முடியும். மிச்சமாவது ஐந்து மணித்தியாலம். அதில் மூன்று விமான நிலையக் கதிரையில் இருந்த நேரம். திரும்பி வரும்போது பின்காற்றால் ரொறன்ரோ–டுபாய் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் குறையும்.

ஆகவே டிக்கெட் தெரிவு செய்யும்போது எந்த ஊர் வழியாக என்பதைவிட எவ்வளவு நேரம் காத்திருப்பு என்று பாருங்கள். ஒரு விதிவிலக்கு: மலிவென்று கிழக்குப் பக்கம், சிங்கப்பூர் வழியாக ஒரு டிக்கெட் கிடைத்தால், அது ஏறத்தாழ 17,700 கிலோமீற்றர். நாலு மணித்தியாலம் கூடுதலாகப் பறக்க வேண்டும். முழங்கால் வருத்தம் உள்ளவர்களுக்கு அந்த மலிவு தேவையில்லை.

காத்திருப்பு மிகக் குறைவாக இருப்பதும் ஆபத்து. ஒரே டிக்கெட்டில் இரண்டு விமானமும் இருந்தால், முதலாவது பிந்தி இரண்டாவது தவறினால் அடுத்த விமானத்தில் ஏற்றுவது நிறுவனத்தின் பொறுப்பு. பெட்டியும் நேரே ரொறன்ரோவுக்குப் போகும். தனித்தனியே எடுத்த இரண்டு டிக்கெட்டுகள் என்றால் நடுவில் பெட்டியை நீங்களே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டி வரலாம், அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய விசா வேண்டும், தவறினால் இரண்டாவது டிக்கெட்டின் காசும் போகும். இப்படி எடுத்தே ஆக வேண்டும் என்றால் இடையில் குறைந்தது ஆறு மணித்தியாலம் விடுங்கள்.

ஐரோப்பா வழியாகப் போகிறவர்களுக்கு இன்னொரு சொல். இலங்கைக் கடவுச்சீட்டுக்காரருக்கு ஒரே விசாவை ஏற்கும் ஐரோப்பிய (ஷெங்கன்) நாடுகளின் விமான நிலையத்தில் மாறி ஏறுவதற்கே இடைத்தங்கல் விசா கேட்பார்கள். செல்லுபடியாகும் கனடா விசா கையில் இருந்தால் பொதுவாக அது தேவைப்படாது. காசு கட்டும் முன் அந்த நாட்டுத் தூதரகத்தின் அறிவித்தலைப் பாருங்கள், விதி மாறக்கூடியது.

கொழும்பு–ரொறன்ரோ நேர வித்தியாசம்: கோடையில் ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலம். ரொறன்ரோவில் மணி மாறுவது மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். இங்கிலாந்தோடு அது பொருந்தாது. மார்ச்சில் இரண்டு மூன்று வாரம் ரொறன்ரோ கோடை மணியில் நிற்கும், லண்டன் குளிர்கால மணியில் நிற்கும். லண்டனில் மாறி ஏறுபவர்கள் அந்த வாரங்களில் கவனம்.

எது தூரம், லண்டனா சிட்னியா?
— வாசகி, கல்கிசை

சிட்னி. ஆனால் ஐம்பது கிலோமீற்றரால்தான்: லண்டன் 8,715, சிட்னி 8,763. இரண்டுக்கும் நடுவில் ஏறத்தாழச் சரிபாதியில் இருக்கிறோம். மெல்பேர்ண் இரண்டையும்விடக் கிட்ட, 8,360. தென் அரைக்கோளத்திலும் உயரக் காற்று மேற்கிலிருந்தே வீசுவதால், அவுஸ்திரேலியாவுக்குப் போவது வேகம், வருவது தாமதம். லண்டன்காரருக்கு நேர்மாறு.

சென்னைக்குக் கட்டுநாயக்கவிலிருந்து போனாலும் பலாலியிலிருந்து போனாலும் ஒன்றேகால், ஒன்றரை மணித்தியாலம் என்றே போடுகிறார்கள். யாழ்ப்பாணம் சென்னைக்குக் கிட்டத்தானே?
— வாசகர், கொட்டாஞ்சேனை

கிட்டத்தான். கட்டுநாயக்க–சென்னை 647 கிலோமீற்றர், பலாலி–சென்னை 356. வித்தியாசம் விமானத்தில் இருக்கிறது. கொழும்பிலிருந்து போவது எயார்பஸ் ஏ320 போன்ற ஜெட். மணிக்கு 830 கிலோமீற்றர் அளவில் போகும். பலாலிக்கு வருவது விசிறி சுழலும் ஏ.ரீ.ஆர். 72 வகை. அதன் வேகம் மணிக்கு 500 அளவுதான். 647ஐ 830ஆல் பிரித்தால் 47 நிமிடம். 356ஐ 500ஆல் பிரித்தால் 43 நிமிடம். கணக்கு அங்கேயே சமனாகிவிடுகிறது. இரண்டுக்கும் ஊர்வது, ஏறுவது, இறங்க வரிசையில் நிற்பது என்று அரை மணித்தியாலம் சேருங்கள்.

யாழ்ப்பாண சர்வதேச விமான நிலையம் 2019 ஒக்டோபர் 17இல் திறக்கப்பட்டது. அங்கே சிறு விமானம் ஓடுவதற்குக் காரணம் ஓடுபாதையின் நீளம். விசிறி விமானத்துக்குக் குறுகிய ஓடுபாதை போதும், ஜெட்டுக்குப் போதாது.

குறுந்தூரப் பயணத்தில் தூரத்தை வேகத்தால் பிரிப்பதோடு நிறுத்திவிட்டால் எப்போதும் ஏமாற்றம்தான். அந்த நிலையான அரை மணித்தியாலம் லண்டன் பயணத்தில் கண்ணுக்குத் தெரியாது, மாலைதீவுப் பயணத்தில் மூன்றில் ஒரு பங்கு.

ஆடி மாதம் சிங்கப்பூர் போனபோது "எதிர்க்காற்று" என்று விமானி சொன்னார். கிழக்கே போனால் பின்காற்று என்றுதானே எல்லாரும் எழுதுகிறார்கள்?
— வாசகர், நாரஹேன்பிட்டி

அது நடு அகலக்கோடுகளுக்கான விதி. எங்கள் தலைக்கு மேல் வேறு கதை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், ஆனி தொடக்கம் புரட்டாதி வரை, கீழே காற்று மேற்கிலிருந்து வீச, மிக உயரத்தில் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் மேலாக ஒரு பலமான காற்றோட்டம் கிழக்கிலிருந்து மேற்கே ஓடும். இதை 1950களில் விளக்கியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். அந்த மாதங்களில் சிங்கப்பூர் போகிறவருக்கு அது முகத்தில், டுபாய் போகிறவருக்கு முதுகில். விமானி சொன்னது சரி.

லண்டனுக்கு மேல் வந்த பிறகும் இருபது நிமிடம் வட்டமடித்தது. எரிபொருள் தீர்ந்துவிடாதா?
— வாசகி, வத்தளை

தீராது. காத்திருக்கும் எரிபொருளும், வேறு விமான நிலையத்துக்குப் போகும் எரிபொருளும் முதலே கணக்கில் ஏற்றப்பட்டவை. ஹீத்ரோவைச் சுற்றிக் காத்திருக்கும் இடங்கள் நாலு: பொவிங்டன், லம்போர்ன், ஒக்கம், பிகின் ஹில். ஆயிரம் அடி இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாக விமானங்கள் சுற்றி, கீழே உள்ளது இறங்க இறங்க ஒவ்வொரு படியாக வரும். ஒரு சுற்று ஏறத்தாழ நாலு நிமிடம். நீங்கள் சுற்றியது ஐந்து.

ஆசனத்துத் திரையில் மிச்சத் தூரமும் தரை வேகமும் காட்டுவார்கள். ஒன்றை மற்றதால் பிரித்து, இறங்க ஒரு கால் மணித்தியாலம் சேருங்கள். 3,400 கிலோமீற்றர் மிச்சம், வேகம் 850 என்றால் நாலேகால். திரை தானாகக் காட்டும் நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பிள்ளைகளுக்கு நல்ல பொழுதுபோக்கு.

நோன்பு காலத்தில் பகல் 1.00 மணி விமானத்தில் லண்டன் போகிறேன். நோன்பு திறக்கும் நேரம் எது? கொழும்பு மணியா, லண்டன் மணியா?
— வாசகர், மருதானை

மார்க்கத் தீர்ப்பு மௌலவிமாருடையது. பயணிக்கு உள்ள சலுகையையும் அவர்களிடமே கேளுங்கள். சூரியக் கணக்கை மட்டும் சொல்கிறோம்.

நீங்கள் சூரியனைத் துரத்திக்கொண்டு போகிறீர்கள். மத்திய கோட்டில் பூமி மணிக்கு 1,670 கிலோமீற்றர் வேகத்தில் சுழல்கிறது, லண்டன் பக்க அகலக்கோட்டில் அது 1,040 அளவுக்குக் குறைந்துவிடும். விமானம் 900. அதனால் வடமேற்கே போகப் போகச் சூரியன் இறங்க மனமில்லாமல் நிற்பதுபோலத் தோன்றும். கொழும்பில் மாலை 6.20 அளவில் மஃரிப் (சூரியன் மறையும் நேரத் தொழுகை) ஆகியிருக்கும், உங்கள் யன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.

மார்ச் நடுப்பகுதி என்று வைப்போம். வித்தியாசம் ஐந்தரை மணித்தியாலம், இறங்குவது லண்டன் மாலை 6.40 அளவில். லண்டனில் அப்போது சூரியன் மறைவது 6.05 அளவில், அதாவது கொழும்பு இரவு 11.35. ஆகவே மறைவை நீங்கள் காண்பது பயணத்தின் கடைசி ஒரு மணித்தியாலத்துக்குள். கொழும்பில் அதிகாலை ஐந்து மணியளவில் ஸஹர் (நோன்பு தொடங்கும் முன் உண்ணும் உணவு) முடித்திருந்தால் நோன்பு பதினெட்டு மணித்தியாலம் தாண்டும்.

உயரமும் கொஞ்சம் சேர்க்கும். பதினொரு கிலோமீற்றர் உயரத்தில் அடிவானம் மூன்று பாகைக்கு மேல் கீழே இறங்கித் தெரியும். அதனால் கீழே தரையில் இருப்பவருக்கு மறைந்த சூரியன் உங்களுக்கு இன்னும் தெரியும்: எங்கள் பக்கம் 14 நிமிடம் அளவு, லண்டன் அகலக்கோட்டில் இருபது நிமிடத்துக்கு மேல். விமானத்தில் காட்டும் கீழேயுள்ள ஊரின் மஃரிப் நேரமும் யன்னலில் தெரியும் சூரியனும் ஒத்துப்போகாததற்கு இதுவே காரணம். யன்னலோர ஆசனம் வேண்டுமானால் இடப்பக்கம் கேளுங்கள். வடமேற்கே போகும் விமானத்தில் அந்தி இடப்பக்கம்தான் இருக்கும். பேரீச்சம்பழமும் தண்ணீரும் கைப்பையில் வைத்திருங்கள், உணவு வண்டி வரும் நேரத்தைச் சூரியனைப் பார்த்து வைப்பதில்லை. தண்ணீர்ப் போத்தலைப் பாதுகாப்புச் சோதனைக்குப் பிறகு வாங்குங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து பகல் 1.00 மணி விமானத்துக்கு எத்தனை மணிக்கு வெளிக்கிட வேண்டும்?
— வாசகி, வெள்ளவத்தை

பின்னால் இருந்து எண்ணுங்கள். பொதுவாகப் பதிவுக் கவுண்டரை ஒரு மணித்தியாலத்துக்கு முன், அதாவது 12.00க்கு மூடுவார்கள். நெடுந்தூரப் பயணத்துக்கு மூன்று மணித்தியாலத்துக்கு முன், 10.00க்கு விமான நிலைய வாசலில் நிற்பது முறை. பேலியகொடையிலிருந்து கட்டுநாயக்கவுக்கு அதிவேகப் பாதை 25.8 கிலோமீற்றர், இருபது இருபத்தைந்து நிமிடம். அதில் தாமதம் அரிது. தாமதமெல்லாம் அந்தப் பாதையில் ஏறும் முன்தான். வெள்ளவத்தையிலிருந்து பேலியகொடை வரை பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர். ஞாயிறு காலையில் அரை மணித்தியாலம், பள்ளிக்கூட நாளில் ஒன்றேகால் மணித்தியாலம்கூட ஆகும்.

ஆகவே வேலை நாளானால் 8.15, ஞாயிறானால் 9.00. வழியனுப்ப வரும் சனம் இரண்டாவது வான் வண்டியில் என்றால், அந்த வண்டிக்காகக் காத்திருக்காமல் நீங்கள் வெளிக்கிடுங்கள்.